தீட்டும் மாசும்

(ராசிபுரத்தில் மாணவர்கள் கூட்டிய ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுமொழி சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



தண்ணீர் மாசு பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் விஞ்ஞானி இல்லை. கவிதை எழுதுகிறவன், வயிற்றுப்பாட்டுக்கு வங்கியில் குமாஸ்தா. ஆனால் திருமணிமுத்தாற்றங்கரையில் பிறந்தவன். அந்த ஆற்றுத் தண்ணியைக் குடிச்ச தலைமுறை எங்க ஆயாவோடு முடிஞ்சுபோச்சு. அது ஒன்றுதான் எனக்குள்ள தகுதி.

எங்க ஊர்ல ஆத்துக்கு மூணு துறை இருந்ததுன்னு ஆயா சொல்லும். மேலே ஊர்க்காரங்க துறை. அதுக்குக் கீழே மாடு கழுவுற துறை. மாடு கழுவுன தண்ணி இறங்கி வர்ற எடத்துல வளவுக்காரங்க துறை. யாரும் பலகை எழுதி வைக்கல. எழுதி வைக்காமலே எல்லாருக்கும் தெரியும். நாம கால் வெச்சா தண்ணி தீட்டு. மாடு இறங்கினா தீட்டு இல்ல.

தீட்டு, மாசு என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. இந்த நாட்டில் முதல் சொல்லுக்கு உள்ள சுத்திகரிப்பு ஏற்பாடு இரண்டாவதற்கு இல்லை. 1927 மார்ச் 20 அன்று மகாத் நகரின் சவுதார் குளத்தில் அம்பேத்கர் இறங்கி ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். ஆயிரக்கணக்கானவர் பின்னால் குடித்தார்கள். அந்தத் தண்ணீரில் சாயம் கலக்கவில்லை, அமிலம் கலக்கவில்லை. ஆனாலும் சாதி இந்துக்கள் 108 குடம் பால், தயிர், சாணி, கோமியம் கொண்டுவந்து ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். இன்றைய ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்த்தால் அன்றைக்குக் குளத்தில் கலந்த ஒரே மாசு அந்த 108 குடம்தான் என்று சொல்லும். குளத்தில் நமக்குள்ள உரிமையை பம்பாய் உயர்நீதிமன்றம் ஏற்க 1937 ஆயிற்று.

இல்லாத மாசுக்கு ஒரே நாளில் 108 குடம் வருகிறது. இருக்கிற மாசுக்கு ஐம்பது வருசமாக என்ன வந்தது? 1974இல் தண்ணீர்ச் சட்டம் வந்தது. 1982இல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வந்தது. ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சாயப்பட்டறை போன்றவை புதிதாக வரக்கூடாது என்று 1989இல் அரசாணை 213 வந்தது. பள்ளிபாளையத்துக்கும் குமாரபாளையத்துக்கும் போய்ப் பாருங்கள். காவிரி எங்கே, பட்டறை எங்கே என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நம்ம ஆற்றுக்கு வருவோம். திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறந்து, சேலம் நகரத்துக்குள் புகுந்து, ஆட்டையாம்பட்டிப் பக்கமாக நாமக்கல் மாவட்டத்துக்குள் வந்து, நஞ்சை இடையாற்றில் காவிரியோடு சேருகிறது. மலையில் தண்ணீராக இருப்பது நகரம் தாண்டும்போது சாக்கடையாக இருக்கிறது. வீட்டுக் கழிவு, சாயக் கழிவு, அதற்குக் கீழே ஜவ்வரிசி ஆலைக் கழிவு. மழை பெய்தால் நுரை பாலத்தைத் தொடும். எங்க ஆயா சொன்ன மூணு துறையில் இப்போது சேலம் மொத்தமும் மேல்துறை. கீழ்துறையில் ஊரும் சேர்ந்துவிட்டது. இதில் நமக்குச் சந்தோசப்பட ஒன்றும் இல்லை. ஊர்க்காரனுக்கு நிலம் இருக்கிறது. ஆறு கெட்டால் கிணறு, கிணறு கெட்டால் ஆயிரம் அடி போர் என்று இறங்குவான். வளவுக்காரனுக்குப் போர் போட ஒரு சாண் மண் கிடையாது. அவன் குடம் தூக்கிக்கொண்டு லாரிக்கோ மேல்நிலைத் தொட்டிக்கோ போகணும். முடியாவிட்டால் கேன் வாங்கணும்.

மூன்று கழிவும் ஒன்றில்லை. ஒன்றாகப் பேசுவதால்தான் ஏமாறுகிறோம்.

ஜவ்வரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். கிழங்கு சீசனில் ராசிபுரத்திலிருந்து சேலத்துக்கு பஸ்ஸில் போனால் மூக்கே சொல்லும். மரவள்ளிக் கிழங்கைக் கழுவி, அரைத்து, மாவைப் படிய விட்டு வடிக்கிற தண்ணீர் சீக்கிரம் புளித்து நாறுகிறது. கிழங்குத் தோலில் இயற்கையாகவே உள்ள சயனைடும் அதில் வரும். ஆற்றில் விடும் கழிவுநீரில் பி.ஓ.டி. லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது விதி. பி.ஓ.டி. என்றால், அழுக்கைத் தின்னும் கிருமிகள் தண்ணீரிலிருந்து உறிஞ்சுகிற பிராணவாயுவின் அளவு. ஜவ்வரிசிக் கழிவில் அது ஆயிரக்கணக்கில் இருக்கும். மீன் மூச்சு முட்டிச் சாகும். ஆனால் இந்தக் கழிவு மக்கக்கூடியது. காற்றுப் புகாத தொட்டியில் அடைத்துவைத்தால் கிருமிகளே அதைத் தின்று எரிவாயு தரும். அந்த வாயுவில் ஜவ்வரிசி வறுக்கலாம், எஞ்சின் ஓட்டலாம். நம்ம பகுதி ஆலைகள் பலவற்றில் இது வந்துவிட்டது. ஏன் வந்தது? விறகுச் செலவும் கரண்ட் செலவும் மிச்சம். முதலாளிக்கு ஆற்றின் மேல் திடீர் பாசம் ஒன்றும் வரவில்லை. பரவாயில்லை, வந்த வரைக்கும் நல்லது.

சாயம் அப்படி இல்லை. பருத்தி நூலில் அடர்நிறம் ஏற, ஒரு கிலோ நூலுக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரைக்கும் உப்பு போடுகிறார்கள். நூல் உப்பைக் குடிக்காது. அத்தனையும் கழிவில் போகும். உப்பை எந்தக் கிருமியும் தின்னாது. சுண்ணாம்பும் படிகாரமும் போட்டு நிறத்தை எடுத்துவிட்டு, "பாருங்க, தண்ணி தெளிவா இருக்கு" என்று அதிகாரியிடம் காட்டலாம். கண்ணுக்குத் தெளிவு, நாக்குக்குக் கடல். கரைந்த உப்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராமுக்கு மேல் கழிவில் கூடாது என்பது விதி. அதற்கு இறங்க வேண்டுமானால் ஆர்.ஓ. சவ்வு வழியாக அழுத்தி, மிஞ்சிய உப்புக் கரைசலைக் காய்ச்சி வற்ற வைக்கணும். காசு செலவாகும். லாபம் கிடையாது. அதனால் நடக்காது.

திருப்பூரில் மட்டும் எப்படி நடந்தது? நொய்யல் செத்து, ஒரத்துப்பாளையம் அணை சாயக் குட்டையாகி, கீழே இருந்த விவசாயிகள் வருசக்கணக்காகக் கோர்ட்டுக்கு நடந்தார்கள். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளையெல்லாம் மூடச் சொன்னது. பட்டறை மூடிய பிறகுதான் முடியாது என்றவர்களுக்கு முடிந்தது. கழிவை வெளியே விடாத பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஓடத் தொடங்கின. உப்புக் கரைசலையே மறுபடி சாயத் தொட்டிக்குக் கொண்டுபோகிறார்கள். அந்த மாதங்களில் கூலி இழந்தவன் யார் என்று யாரும் கணக்கு எடுக்கவில்லை. நம்ம பக்கம் அனுமதியில்லாத பட்டறையை இடிக்கும்போதும் அதுதான். ஜேசிபி வந்து தொட்டியை உடைக்கும். பத்து நாளில் வேறு தெருவில் தொட்டி எழும்பும். நடுவில் பத்து நாள் கூலி போவது தொட்டிக்குள் வெறுங்கையோடு நூல் அலசுகிறவனுக்கு. பட்டறையை மூடு என்று நாம் கேட்டால், அவனுக்கு மூடிய நாள் கூலியையும் சேர்த்தே கேட்கணும்.

வங்கியில் ஒன்று பார்த்தேன். எந்த வங்கி, எந்த ஊர்க் கிளை என்பது வேண்டாம். கடன் கோப்பில் சுத்திகரிப்பு நிலையத்தின் வரைபடம் இருக்கும், விலைப்பட்டியல் இருக்கும், வாரியத்தின் இசைவு ஆணை நகல் இருக்கும். எல்லாவற்றுக்கும் நான் சீல் வைத்திருக்கிறேன். அந்த நிலையம் ஓடுகிறதா என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. கண்டுபிடிப்பது சுலபம்: கரண்ட் பில்லைக் கேளுங்கள். பம்பும் சவ்வும் ராப்பகலாக ஓடினால் பில் சொல்லும். பில் தூங்கினால் நிலையமும் தூங்குகிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் நாம் முதலில் கேட்க வேண்டிய காகிதம் அதுதான்.

மூன்றாவது, வீட்டுக் கழிவு. இதற்கு மலிவான வழி இருக்கிறது. படிய வைத்து, கூழாங்கல்லும் மணலும் போட்ட படுகையில் நாணல், கோரை, கல்வாழை வளர்த்து அதன் வழியாக விட்டால் வேரைச் சுற்றியுள்ள கிருமிகள் பெரும்பகுதி அழுக்கைத் தின்றுவிடும். கரண்ட் கிட்டத்தட்ட வேண்டாம், நிலம் வேண்டும். இங்கேதான் ஜாக்கிரதை. யார் நிலத்தைக் கேட்பார்கள்? சுடுகாடு, குப்பைமேடு, இறைச்சிக்கூடம் எல்லாம் வளவுக்குப் பக்கத்தில் எப்படி வந்ததோ அப்படியே இதுவும் வரும். பஞ்சமி நிலத்தைப் பசுமைத் திட்டம் என்ற பெயரில் எடுத்தாலும் எடுப்புதான்.

அடுத்து, எந்தச் சுத்திகரிப்பிலும் அடியில் சகதி தங்கும். விளம்பரத்தில் தெளிந்த தண்ணீரைக் காட்டுகிறவன் சகதியைக் காட்டுவதில்லை. அதை அள்ளுவது யார்? 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சகதித் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் அந்தச் சகதியில் செத்தார்கள். தண்ணீரைச் சுத்தம் செய்யக் கட்டிய இடம் அது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 1993இல் ஒன்று, 2013இல் ஒன்று. சாக்கடையில் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்சநீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சம் ஆக்கியது. தொகை ஏறியிருக்கிறது. குழியில் இறங்குகிறவன் சாதி மாறவில்லை.

அதனால் நிலைத்த தொழில்நுட்பம், பசுமைத் தொழில்நுட்பம் என்று யாராவது படம் காட்டினால் நான் இரண்டு கேள்விதான் கேட்பேன். தொட்டியைத் தூர்வார மனுசன் இறங்கணுமா? யார் வீட்டுக்குப் பக்கத்தில் கட்டுவாய்? இந்த இரண்டுக்கும் பதில் சொல்லாத எந்திரம் எத்தனை கோடியானாலும் அது மூணு துறையில் ஒரு துறைதான்.

பேச்சு போதும். கரைந்த உப்பை அளக்கிற சின்ன மீட்டர், பேனா அளவு, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது சாக்கடை அழுக்கைக் காட்டாது, கிருமியைக் காட்டாது. உப்பைக் காட்டும், சாயக்காரனைப் பிடிக்க அது போதும். கோர்ட் இதை ஆதாரமாக ஏற்காது. ஆனால் எந்த இடத்தில் வாரியத்தை மாதிரி எடுக்க வைக்கணும் என்று நமக்குத் தெரியும். சேலத்திலிருந்து இடையாறு வரைக்கும் ஒவ்வொரு பாலத்தடியிலும், வாரத்தில் ஒரு நாள் பகலிலும் ஒரு நாள் நடுராத்திரியிலும் அளந்து, தேதி, மணி, ஊர் போட்டு நோட்டில் எழுதணும். ராத்திரிதான் முக்கியம், திறந்து விடுவது அப்போதுதான். வளவுக் குழாயிலும் அளந்து எழுதுங்க. குடிதண்ணிக்கு 500 வரைக்கும் நல்லது. வேறு வழியில்லாதபோதுதான் 2000 வரைக்கும்.

மீட்டர் ரெண்டு என் பையில இருக்கு. நோட்டும் வாங்கி வெச்சிருக்கேன். எந்தப் பாலம் யாருக்குன்னு இப்பவே பிரிச்சுக்கலாம், கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு.