பேய்மனையில் உருமாறியவள்

ஒரு வீட்டுக்குள் நுழைந்தவர் வேறொருவராக மாறி வெளியே வருவது உலகெங்கும் வழங்கும் பழைய கதை. இன்று அக்கதை கணினி விளையாட்டாகவும் வந்திருக்கிறது. உயர்தர வகுப்பு மாணவர்கள் சிலர் இரவிரவாக விழித்திருந்து ஆடுவது இதைத்தான். பாழடைந்த மாளிகை, பூட்டிய அறைகள், சாவி தேடும் ஒருவர். அறைக்கு அறை மனித உரு குலைந்து வேறொன்றாகிறது. பெடியள் நேரத்தை வீணாக்குகிறார்கள் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. தமிழ் கற்பிப்பவனுக்கு அந்த மாளிகைகளில் தெரிந்த முகங்கள் சில இருக்கின்றன.

1989 இல் யப்பானில் 'ஸ்வீற் ஹோம்' என்ற திரைப்படமும் அதையொட்டிய விளையாட்டும் வெளிவந்தன. ஓவியர் ஒருவரின் கைவிடப்பட்ட மாளிகைக்குள், சுவரோவியங்களைத் தேடி ஐவர் செல்கிறார்கள். அங்கே இருப்பவள் அவருடைய மனைவி, மாமியா சீமாட்டி. (நம் காதில் 'மாமியார்' என்றே விழும், பொருத்தமான பெயர்தான் என்று சிரிப்பவர்களும் உண்டு.) குழந்தையைத் தீயில் பறிகொடுத்த தாய் அவள், அத்துயரமே அவளைப் பேயாக்கிற்று. இவ்விளையாட்டை மீளச் செய்யும் எண்ணத்தில் தொடங்கி, அதே நிறுவனம் 1996 இல் வெளியிட்டதுதான் உலகப் புகழ் பெற்ற 'றெசிடென்ற் ஈவில்'. அதில் மாளிகை இருந்தது, தாய் இல்லை. அவளுடைய இடத்தில் ஆய்வுகூடமும் வைரசும் வந்துவிட்டன. உருமாற்றம் ஒரு நோயாகிவிட்டது. துயரப்பட்டவளுக்குச் சொல்ல ஒரு வழக்கு இருக்கும். நோய்க்கு என்ன இருக்கிறது? சுட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போகலாம்.

பெரிய நிறுவனங்கள் கைவிட்ட அந்த வழக்கைச் சிறு குழுக்கள் மறுபடி எடுத்திருக்கின்றன. 2012 இல், யப்பானியக் குழுவொன்று வெளியிட்ட 'த ஹவுஸ் இன் ஃபாற்றா மோர்கானா' அவற்றில் ஒன்று. நினைவிழந்த ஒருவர் மாளிகையில் கண்விழிக்கிறார். பணிப்பெண் ஒருத்தி கதவு கதவாகத் திறந்து, அவ்வீட்டில் வாழ்ந்து கெட்டவர்களின் கதைகளைக் காட்டுகிறாள். தன்னை விலங்கென்றே நம்பிவிட்ட ஒருவனும் அங்கே உண்டு. இதில் சுடுவதற்கு ஒன்றுமில்லை, பெரும்பாலும் வாசிப்புத்தான். ஒரு பெருநாவலளவு வாசிக்கவேண்டும். மாணவர்கள் வாசிப்பதில்லை என்று குறைப்படும் என் சகபாடிகளுக்கு இதைச் சொல்லிவைக்கிறேன்.

நமக்குப் பழக்கமான மாளிகைக்கு வருவோம். 1993 இல் வெளிவந்த 'மணிச்சித்திரத்தாழ்' என்ற மலையாளப் படத்தை நேயர்கள் பலர் அறிவீர்கள். கணவனோடு தறவாட்டு வீட்டுக்கு வரும் கங்கா, பூட்டிய அறையைத் திறக்கிறாள். முன்பு அவ்வீட்டுக் காரணவரால் கொல்லப்பட்ட ஆடல்மகள் நாகவல்லியாக மாறுகிறாள். மருத்துவர் இதை மனநோய் என்று விளக்குகிறார். ஆனால் குணப்படுத்தும் வழி என்ன? கொன்றவனைப் பழிவாங்கிவிட்டேன் என்று நாகவல்லி நம்பும்படி ஒரு காட்சியை நடத்திக்காட்டவேண்டியிருக்கிறது. விஞ்ஞானமும் கடைசியில் அவளுடைய வழக்கை ஏற்றுத்தான் தீர்ப்பு வழங்குகிறது.

என்னை வியப்பிலாழ்த்துவது வேறொன்று. நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்டவள். மலையாள வீட்டில் தமிழ் பேசுகிறாள். அதே கதை 2005 இல் தமிழில் 'சந்திரமுகி'யானபோது, அவள் தமிழ் பேசவில்லை. ஆந்திரத்திலிருந்து வந்து தெலுங்கில் பாடினாள். 2007 இல் இந்திக்குப் போனதும் வங்காளி ஆகிவிட்டாள். நேயர்களே, பேய் எப்போதும் அயல்மொழிதான் பேசுகிறது! தன் மொழியில் முறையிட்டால் அவள் நம் வீட்டுப்பெண் ஆகிவிடுவாள். பிறகு எப்படிப் பயப்படுவது?

நம் வீட்டுப்பெண்ணாகவே இருந்து, நம் மொழியிலேயே பாடிய பேய் ஒருத்தி நமக்கு உண்டு. காரைக்கால் அம்மையாரைத்தான் சொல்கிறேன். பரீட்சைக்கு மாணவர்கள் 'இறைவனை வேண்டிப் பேயுருப் பெற்றார்' என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். சேக்கிழார் சொன்ன ஒழுங்கைக் கவனியுங்கள். தந்தை தனதத்தன் மகளைப் பிரிய மனமின்றி, மருமகனையும் காரைக்காலிலேயே வீடமைத்து இருத்துகிறான். அந்த வீட்டில்தான் மாங்கனி வருகிறது. பரமதத்தன் இரண்டாவது கனியின் சுவையில் ஐயுற்று, எங்கே பெற்றாய் என்று கேட்கிறான். அவள் உண்மையைச் சொல்கிறாள். இன்னொன்று தருவி என்கிறான். தருகிறாள், அது அவன் கையில் மறைகிறது. அந்தக் கணத்தில் அவன் அஞ்சுகிறான். கப்பலேறிப் போய்ப் பாண்டிநாட்டில் வேறொருத்தியை மணக்கிறான். பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயர் வைக்கிறான். உறவினர் அம்மையாரைச் சிவிகையில் அங்கு கொண்டுசெல்ல, மனைவி மகளோடு அவர் காலில் விழுகிறான்.

அதுவரை அம்மையாரின் உரு மாறவேயில்லை. அழகிய இளம்பெண்ணாக, இல்லறத்துக்குரியவளாகவே நிற்கிறார். அச்சம் முதலில் வந்தது. உருமாற்றம் பின்னால் வந்தது. நீ மனிதப்பெண் அல்ல என்று கணவன் தீர்ப்பளித்த பிறகுதான், அவனுக்காகச் சுமந்த தசையை இனி எதற்கு வைத்திருப்பது என்று அதை உதறுகிறார். பக்தியின் உச்சம் என்று இதைக் கொள்பவர்களோடு எனக்குப் பிணக்கில்லை. ஆனால் அந்த வீட்டைக் கடந்துதான் அந்த உச்சிக்குப் போகமுடியும்.

யாழ்ப்பாணத்தில் உருமாற்றக் கதை வீட்டில் நிகழவில்லை, நீரில் நிகழ்ந்தது. குதிரைமுகம் கொண்ட சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி, கீரிமலையில் நீராடி முகம் மீண்டாள் என்பது ஐதிகம். மாவிட்டபுரம் என்ற பெயருக்கு, மா, அதாவது குதிரை, விட்ட ஊர் என்றே விளக்கம் சொல்வார்கள். 1990 இல் அந்த மாவிட்டபுரமும் கீரிமலையும் உட்பட வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். ஊர் உயர்பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டது. 2009 இன் பின் பகுதிபகுதியாக நிலம் விடப்பட்டபோது, திரும்பியவர்கள் கண்டது என்ன? நாற்சார் வீட்டு முற்றத்தில் மரம், சுவரில் ஆலம்வேர், கூரையில்லை, கதவில்லை, யன்னல் இல்லை. இத்தகைய வளவுகளைச் சிறுவர்கள் 'பேய்வீடு' என்கிறார்கள். வீட்டுக்காரர் ரொறன்ரோவிலோ, பக்கத்து ஊர் வாடகை வீட்டிலோ உயிரோடிருக்கிறார்! இங்கே வீடுதான் உருமாறிவிட்டது. அச்சொல்லைக் கேட்கும் கிழவி ஒருத்தி, அங்கேதான் நான் கலியாணம் கட்டி வந்தேன் என்று சொல்லக்கூடும்.

நம் பிள்ளைகளில் யாரேனும் ஒரு பேய்மனை விளையாட்டைத் தாமே செய்யப் புறப்பட்டால் நான் மகிழ்வேன். மேனாட்டு மாளிகையின் மாடிப்படியும் மெழுகுதிரியும் வேண்டாம். முற்றமும் கிணற்றடியும் உள்ள நாற்சார் வீடு போதும். அங்கே உருமாறியவள் தமிழில் பேசட்டும். முதலில் திறக்கும் கதவு அடுக்களைக் கதவாக இருக்கட்டும். உள்ளே ஒரு பெண் கையில் மாங்கனியோடு நிற்கிறாள், வாசலில் கணவன் அவளை நம்புவதா அஞ்சுவதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறான்.