பெட்டியில் இல்லாத படைவீரன்

(நமது சங்கத்தின் பொழுதுபோக்கு தினத்தன்று பேசியதன் எழுத்து வடிவம்)



மேசையில் இருக்கும் பன்னிரண்டு பொம்மைகளையும் பார்த்துவிட்டு, "சார், இது எந்த நாட்டுப் பட்டாளம்?" என்று பலர் கேட்டீர்கள். இது நார்வே நாட்டு ராணுவம், 1940-ஆம் வருடத்து உடையில்.

போர் விளையாட்டுக்கென்று 28 மி.மீ. உயரத்தில் பிளாஸ்டிக் வீரர்கள் பெட்டி பெட்டியாக விற்கிறார்கள். ஜெர்மானியர், பிரிட்டிஷார், அமெரிக்கர் தாராளமாகக் கிடைப்பார்கள். நார்வே வீரனைத் தேடினால்தான் சிரமம். கேட்பவர் குறைவென்றால் யாரும் அச்சு செய்ய மாட்டார்கள். வணிகவியல் படித்த எனக்கு அந்தக் கணக்கு புரிகிறது. ஆனால் படையெடுத்து வந்தவன் மட்டும் மேசையில் நின்று, சொந்த மண்ணைக் காத்தவன் இல்லாமல் போவது நியாயமா?

1940 ஏப்ரல் 9 அதிகாலை ஜெர்மனி நார்வேயைத் தாக்கியது. ஆஸ்லோவுக்குப் போகும் கடல்வழியில் ஆஸ்கார்ஸ்போர்க் கோட்டையின் பழைய பீரங்கிகளும் டார்பிடோக்களும் 'புளூஹர்' என்ற புத்தம்புதிய போர்க்கப்பலை மூழ்கடித்தன. கிடைத்த அவகாசத்தில் மன்னரும் பாராளுமன்றமும் தலைநகரை விட்டு வெளியேற முடிந்தது. மே 28-ல் நார்வே, பிரெஞ்சு, போலந்துப் படைகள் நார்விக் நகரை மீட்டன. ஜூன் 10-ல் நார்வேயில் சண்டை முடிந்தது. 62 நாள் தாக்குப்பிடித்தார்கள்.

அவர்களை எப்படிச் செய்வது? முதலில் அளவு. 170 செ.மீ. மனிதன் 28 மி.மீ. ஆகிறான் என்றால், ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு. அவர்களுடைய கிராக்-யோர்கென்சன் துப்பாக்கி 127 செ.மீ. நீளம், நமக்கு 21 மி.மீ. அதன் வலப்பக்கம் தோட்டா போடும் பெட்டி புடைத்திருக்கும். வேறு துப்பாக்கியில் ஒரு கடுகளவு எம்-சீல் ஒட்டினால் அந்தப் புடைப்பு வந்துவிடும்.

உடம்பு ஒரு பெட்டியிலிருந்து, தலை இன்னொரு பெட்டியிலிருந்து. விறைப்பான தொப்பிக்குப் பழைய பிரெஞ்சு வீரனின் தலை பொருந்துகிறது. கழுத்தை அறுத்து, சன்னமான துளையிட்டு, செம்புக் கம்பி செருகி ஒட்டுகிறேன். அன்று நார்வே வீரர்கள் பலருக்கு இரும்புத் தொப்பி கிடையாது. அதனால் நானும் போடவில்லை. சட்டைப் பொத்தான்கள் மடிப்புக்குள் மறைந்திருக்கும். பொம்மையின் பொத்தான்களைச் செதுக்கிவிட்டு எம்-சீலால் மூடினால் போதும். பனிச்சறுக்குக் கட்டைக்கு ஐஸ்கிரீம் டப்பாவின் மூடி. நறுக்கிய துண்டின் நுனியை வெந்நீரில் காட்டினால் வளையும். ஊன்றுகோலுக்கு நம் வீட்டு விளக்குமாற்று ஈர்க்குச்சி! கடைசியாகச் சாம்பல் கலந்த பச்சை வண்ணம்.

ஒரு வீரனுக்கு மூன்று மாலை ஆகிறது. ஓய்வுபெற்றவர்களே, அந்த மூன்று மாலையும் டி.வி. ஞாபகமே வராது. கையும் கண்ணும் வேலை செய்யும். கூடவே ஒரு சிறிய நாட்டின் கதையும் மனதில் தங்கும்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். பிள்ளைகளின் உடைந்த பொம்மைகளைக் குப்பையில் போடாதீர்கள், என்னிடம் கொடுங்கள். சங்க நூலகத்தில் இந்தப் பன்னிரண்டு பேருக்கும் ஓர் அலமாரித் தட்டு ஒதுக்கித் தாருங்கள். விருப்பமுள்ள பிள்ளைகள் ஞாயிறு காலை வரலாம். கத்தி மட்டும் என் கையில்தான் இருக்கும்.