கொழுந்துக் கணக்கில் வராதவை



உணவு சேகரித்த மனிதரைப் பற்றிப் பேசப் பலாங்கொடையைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. இலங்கையின் கற்கால மக்களுக்கு இந்த ஊரின் பெயரைத்தான் ஆய்வாளர் பி. ஈ. பி. தெரணியகல சூட்டினார். குருவிட்டைக்கு அருகே பட்டதொம்பலெனக் குகையில் 28,000 ஆண்டுகளுக்கும் முந்தைய மண்ணடுக்குகள் இருக்கின்றன. அங்கும் கித்துல்கலையின் பெலிலெனவிலும் கெக்குணக் கொட்டை ஓடு, காட்டு ஈரப்பலா, காட்டு வாழை ஆகியவற்றின் எச்சங்கள் கிடைத்தன. ஒவ்வோர் ஓட்டையும் எண்ணி எழுதி வைத்திருக்கிறோம். நல்ல வேலைதான். ஆனால் இன்று காலை எதிரேயுள்ள தேயிலை மலையில் கூடையோடு ஏறிய பெண் எதைச் சேகரித்தாள் என்று கேட்டால் நம்மிடம் ஒரே பதில்தான் இருக்கிறது: இத்தனை கிலோ.

அந்தக் கிலோவுக்குள் இருக்கும் அறிவைப் பாருங்கள். இரண்டு இலையும் மொட்டும் ஒடிய வேண்டும், முத்தல் சேரக்கூடாது, செடியின் மட்டம் கெடக்கூடாது. ஒரு வாரம் கழித்து அதே செடிக்கு வரும்போது எது தயாராக இருக்கும் என்பதையும் அவள் கை இப்போதே தீர்மானிக்கிறது. தட்டுக் கட்டிய கத்தரிக்கோலுக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஜப்பானில் கொழுந்து பறிப்பதில் இயந்திரம் வென்றது உண்மை. அங்கே செடியை வேலிபோல வரிசையில் வளர்த்து, நிலத்தை முதலில் இயந்திரத்துக்கு ஏற்றபடி ஆக்கிக்கொண்டார்கள். நம்முடையதோ செங்குத்து, பாறை, இடையிடையே செடி பட்டுப்போன பழைய மலை.

நான் இயந்திரத்தின் எதிரி அல்ல. அட்டைக்கடியும் கழுத்துவலியும் புனிதமானவை என்று சொல்லக் கூசுகிறேன். தோட்டங்களில் ஆள் குறைந்துவிட்டதும் பொய்யில்லை. மிச்சமாகும் உழைப்பு யார் கணக்கில் வரவாகிறது என்பதே என் கேள்வி. 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என வர்த்தமானியில் வந்தது. பல தோட்டங்களில் முழுப் பேருக்கான, அதாவது ஒரு முழுநாள் சம்பளத்துக்கான, கிலோவும் கூடவே ஏறியது. கென்யாவின் கெரிச்சோவில் 2023இல் கொழுந்து பறிக்கும் இயந்திரங்களை எரித்தார்கள். அந்தக் கோபத்தை வெறும் அறியாமை என்று தள்ளுகிறவர் ஆய்வாளராக இருக்க முடியாது.

இன்னொன்று, அதிகம் பேசப்படாதது. நிறுவை முடிந்து லயத்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவள் வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் பறித்துக்கொள்கிறாள். கணக்குப்பிள்ளையின் ஏட்டில் இது ஏறாது. இரவுச் சோற்றுக்கு ஏறும். 2015இல் தடைசெய்யப்பட்ட கிளைபோசேட் களைக்கொல்லியை 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் மீண்டும் அனுமதித்தார்கள். களைக்கொல்லி அடித்த மலையில் கீரை பறிக்க முடியுமா? கற்காலக் குகையின் உணவுப் பட்டியல் நம்மிடம் உண்டு, பக்கத்து லயத்தின் கீரைப் பட்டியல் இல்லை. இது நம் துறைக்கு வெட்கம்.

தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் இரத்தினபுரிக் கிளையிலிருந்து வந்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த கருவியின் மாதிரியை, வடிவம் முடிவாகும் முன்பே, கொழுந்தெடுக்கும் பெண்களின் கையில் கொடுங்கள். மற்றவர்களுக்கும் ஒன்று. முதல் அமர்வில் கட்டுரை வாசிப்பு இல்லை. பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தோட்டத்து அக்காமார்தான் பேசப்போகிறார்கள். குறுக்கிடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.