பழைய டிராக்டரில் வாடகை வேலை



அறுவடை முடிந்து அடுத்த உழவு வரும்வரை டிராக்டர் சும்மாதான் நிற்கிறது. ஊரிலோ வேலைக்குக் குறைவில்லை. ஒருவருக்கு வீட்டு மனையை மேடாக்க வேண்டும். இன்னொருவருக்கு அஸ்திவாரத்துக்குள் மண் கொட்ட வேண்டும். மற்றொருவருக்குத் தோப்பைச் சமன் செய்து வரப்புப் போட வேண்டும். பதினைந்து இருபது வருஷம் ஓடிய 35 குதிரைத்திறன் டிராக்டர், ஒரு டிரெய்லர், பின்னால் மாட்டும் மண் தள்ளும் பிளேடு, இவ்வளவை வைத்துக்கொண்டே பலர் இந்தத் தொழிலில் இறங்குகிறார்கள். நகையை அடகு வைத்துப் பழைய வண்டி வாங்கி இறங்குபவர்களும் உண்டு.

இரண்டு வருஷம் கையில் காசு நன்றாகப் புழங்கும். மூன்றாம் வருஷம் என்ஜினைப் பிரிக்க வேண்டி வரும்போது ஒரு பைசா இருக்காது. வண்டியும் நின்றுவிடும், நகையும் திரும்பாது. காரணம் என்ன? புழங்கிய காசை எல்லாம் லாபம் என்று நினைத்ததுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டியை 2,50,000 ரூபாய்க்கு வாங்கி, ஐந்து வருஷம் ஓட்டி, 1,50,000 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 20,000 ரூபாய் தேய்மானம். போட்ட பணத்துக்கு நூற்றுக்குப் பத்து வட்டி என்றால் 25,000 ரூபாய். ஆக 45,000 ரூபாய். வருஷத்தில் 500 மணி நேரம் ஓடினால் இது மணிக்கு 90 ரூபாய் ஆகிறது. டீசல் மணிக்கு 4 லிட்டர், லிட்டர் 95 ரூபாய் என்றால் 380 ரூபாய். ஓட்டுபவர் கூலி 100. ஆயில், பில்டர், கிரீஸுக்கு 20. டயருக்கு 30. ரிப்பேருக்கு 100. மொத்தம் 720 ரூபாய்.

பக்கத்து ஊர்க்காரர் 650 ரூபாய்க்கு ஓட்டுகிறாரே என்று நாமும் 650 வாங்கினால், மணிக்கு 70 ரூபாய் நம் கையிலிருந்து போகிறது. அதுவும் உடனே தெரியாது. வண்டி நிற்கும் அன்றைக்குத்தான் தெரியும். வேலை குறைந்து 250 மணி நேரம்தான் ஓடியது என்றால் தேய்மானமும் வட்டியும் மணிக்கு 180 ரூபாயாக ஏறி, செலவு 810 ரூபாய் ஆகிவிடும். உங்கள் ஊர் விலைவாசியைப் போட்டு உங்கள் வண்டிக்கு இதே கணக்கைப் போடுங்கள். காப்பீட்டுத் தொகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். “நானேதான் ஓட்டுறேன், எனக்கு எதுக்குக் கூலி?” என்று கேட்காதீர்கள். உங்கள் உழைப்புக்கும் விலை உண்டு.

இதில் டயருக்கும் ரிப்பேருக்கும் ஒதுக்கிய 130 ரூபாயைத் தொடவே கூடாது. அஞ்சலகத்திலோ வங்கியிலோ தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். 500 மணிக்கு 65,000 ரூபாய் சேரும். பழைய வண்டிக்கு உயிர் அந்தப் பணத்தில்தான் இருக்கிறது.

அடுத்து, எந்த வேலையை ஒப்புக்கொள்வது? மண் அடிப்பது, சமன் செய்வது, வரப்புப் போடுவது ஆகியவை நமக்கு ஏற்றவை. பாறை பெயர்ப்பது, பெரிய மரத்தின் வேரைப் பிடுங்குவது, ஆள் உயர மேட்டை வெட்டுவது நமக்கு வேண்டாம். கிளட்சும் ஹைட்ராலிக்கும் ஒரே நாளில் போய்விடும். மேடு பள்ளம் அதிகமுள்ள நிலமாக இருந்தால் வேளாண்மைப் பொறியியல் துறையின் புல்டோசரை வாடகைக்குக் கேட்கச் சொல்லுங்கள்.

கொத்தனாரும் சித்தாளும் காத்திருக்கும்போது வண்டி வழியில் நின்றால் அவர்கள் கூலியும் நம் தலையில் விடியும். ஆகவே, மண்ணையும் ஜல்லியையும் ஒரு நாள் முன்னதாகவே இறக்கிவிடுவது நல்லது.

விலை பேசுமுன் அளந்து பாருங்கள். 30 அடிக்கு 40 அடி மனையை ஒன்றரை அடி உயர்த்த 1,800 கன அடி மண், அதாவது 18 யூனிட் வேண்டும். 10 அடி நீளம், 6 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள டிரெய்லர் 90 கன அடி கொள்ளும். கணக்குக்கு 20 நடை. ஆனால், கொட்டிய மண் தண்ணீர் விட்டு இடிக்க இறங்கும். 25 நடை என்று பேசினால்தான் கட்டும். தோட்டத்தைச் சமன் செய்யும்போது அரை அடி மேல்மண்ணைத் தனியே ஒதுக்கி வைத்து, வேலை முடிந்ததும் திரும்பப் பரப்புங்கள். அடிமண் மேலே வந்துவிட்டால் செடி எழும்பாது.

பராமரிப்புக்கு வருவோம். மண் வேலையில் என்ஜினுக்கு எமன் தூசிதான். ஆயில் உள்ள ஏர் கிளீனராக இருந்தால் தினமும் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். சேறு படிந்திருந்தால் கழுவி, குறி உள்ள அளவுக்குப் புது ஆயில் ஊற்றுங்கள். ரேடியேட்டர் தண்ணீரைக் காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே பாருங்கள்; சூட்டில் மூடியைத் திறக்காதீர்கள். மணி காட்டும் மீட்டர் ஓடாவிட்டால் நோட்டில் எழுதி வைத்து, கையேட்டில் சொன்ன மணிக்கு என்ஜின் ஆயிலை மாற்றுங்கள். ஒரு பேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், டீசல் பில்டர் மூன்றும் பெட்டியில் எப்போதும் இருக்கட்டும். நூறு ரூபாய்ச் சாமான் இல்லாமல் ஒரு நாள் வேலை கெடக் கூடாது பாருங்கள்.

உயிருக்கு உரிய எச்சரிக்கை ஒன்று. ரோட்டில் போகும்போது இரண்டு பிரேக் மிதிகளையும் கொக்கி போட்டு இணைத்துவிடுங்கள். ஒன்று மட்டும் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுத்துக் கவிழும். பாரத்தைக் கீழே உள்ள இழுவைக் கொக்கியில் மட்டுமே மாட்டுங்கள். மேல் இணைப்பில் சங்கிலி கட்டி இழுத்தால் முன்சக்கரம் எழும்பி வண்டி பின்னால் புரளும். ஓட்டுபவர்மேலேயே விழும். மட்கார்டில் யாரையும் உட்கார வைக்காதீர்கள்.

ஏரி, குளத்து மண்ணை அனுமதி இல்லாமல் அள்ள வேண்டாம். விவசாயத்துக்கென்று பதிவான வண்டியில் கட்டிடச் சாமான் வாடகைக்கு ஏற்றுவதற்கு முன், பதிவையும் காப்பீட்டையும் எப்படி மாற்றுவது என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விபத்து நடந்தபின் கேட்டுப் பயனில்லை.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஓடிய மணி, ஊற்றிய டீசல், வாங்கிய பணம், ஒதுக்கிய பணம் என்று நான்கு கட்டம் போட்டு, அன்றன்று மாலை எழுதுங்கள். எழுதப் படிக்கும் பிள்ளைகளிடம் கொடுத்தாலும் சரி. மூன்று மாதம் எழுதினாலே தெரிந்துவிடும், வண்டி நமக்குச் சம்பாதிக்கிறதா, நாம் வண்டிக்குச் சம்பாதிக்கிறோமா என்று.