பதினெட்டாம் ஸ்குவாட்ரனும் ஒரு கையெழுத்தும்



பொழிச்சலூரில் விமானத்தைப் பற்றிப் பேச முன்னுரை வேண்டியதில்லை. மீனம்பாக்கம் ஓடுபாதை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரி, அதற்கு அப்பால் தாம்பரம் விமானப்படைத் தளம். இளம் விமானிகளுக்குப் பறக்கக் கற்றுத்தரும் ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி 1954-இல் அம்பாலாவிலிருந்து தாம்பரத்துக்கு வந்தது. அதே தளத்தில்தான் நான் இளைஞனாக மெக்கானிக் பயிற்சி பெற்றேன். விமானத்தைப் பறக்கத் தயார் செய்து அனுப்புவதுதான் என் வேலை. அந்த வேலையில் இருந்தவன் என்ற உரிமையோடு, நம் விமானப்படையின் பதினெட்டாம் ஸ்குவாட்ரனின் கதையைச் சொல்லப்போகிறேன்.

1965 ஏப்ரல் 15-இல் அந்த ஸ்குவாட்ரன் உருவானது. 'நாட்' என்ற குட்டி விமானம் அதற்குத் தரப்பட்டது. இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஏழு மீட்டர்கூட இராது. பெங்களூரு எச்.ஏ.எல். தொழிற்சாலையில் உரிமம் பெற்றுத் தயாரிக்கப்பட்ட விமானம் அது.

1971 பாகிஸ்தான் போரின்போது அந்த நாட் விமானங்கள் ஸ்ரீநகரில் நின்றன. 1948 ஒப்பந்தத்தின்படி, போர் மூளும்வரை அங்கே வான்காப்பு விமானங்கள் நிறுத்தப்படவில்லை. டிசம்பர் குளிரும் மலையும் எல்லோருக்கும் புதிது. 14-ஆம் தேதி காலை பாகிஸ்தானின் ஆறு சேபர் விமானங்கள் தளத்தின் மேல் பாய்ந்தன. ஓடுபாதையில் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே ஃப்ளையிங் ஆபீசர் நிர்மல்ஜித் சிங் செகோன் மேலெழும்பினார். மரங்களின் உயரத்தில் நடந்த சண்டையில் இரண்டு சேபர்களை அவர் சுட்டதாக விருது அறிக்கை சொல்கிறது. எண்ணிக்கையில் மிகுந்த எதிரிகளிடம் கடைசியில் அவர் விமானம் வீழ்ந்தது. அவர் உடல் கிடைக்கவே இல்லை. விமானப்படையில் இன்றுவரை பரமவீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவர்தான்.

இதைக் கேட்கும்போதெல்லாம் என் மனம் அந்தக் காலையின் இருட்டுக்குப் போய்விடும். எங்கள் தொழிலில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு ஏடு உண்டு. எஃப்-700 என்போம். என்ஜின் பார்த்தவர், உடற்பகுதி பார்த்தவர், மின்சாரம் பார்த்தவர், ஆயுதம் ஏற்றியவர் என ஒவ்வொருவரும் தம் பகுதிக்குக் கையெழுத்திட வேண்டும். பெட்டியில் ஒரு ஸ்பேனர் குறைந்தாலும் அது கிடைக்கும்வரை விமானம் நகராது. எல்லாக் கையெழுத்தும் விழுந்த பிறகே விமானி தன் கையெழுத்தைப் போட்டு விமானத்தை ஏற்றுக்கொள்வார். அவசர அழைப்பு வந்த நொடியில் செகோனுக்கு எதையும் சரிபார்க்க நேரமில்லை. நமக்கு முகம் தெரியாத சில மெக்கானிக்குகள் விரல் விறைக்கும் குளிரில் பார்த்து முடித்த வேலையை நம்பித்தான் அவர் அந்த நாட் விமானத்தை ஓடுபாதைக்கு ஓட்டினார். என்ஜின் அவரைக் கைவிடவில்லை. அவருடைய வீரத்தைப் போற்றும் நாம் அந்தக் கைகளையும் சேர்த்தே போற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பின்னாளில் மிக்-27 ஓட்டிய அந்த ஸ்குவாட்ரன் 2015 நவம்பரில் குடியரசுத் தலைவரின் கொடியைப் பெற்றது. ஐந்தே மாதத்தில், 2016 ஏப்ரல் 15-இல், மூடப்பட்டது. அப்படி மூடும்போது எண்ணையும் பெருமையையும் பத்திரப்படுத்தி வைப்பது விமானப்படை வழக்கம். நான்கு ஆண்டுகள் கழித்து, 2020-இல், நம் கோவை மாவட்டத்துச் சூலூரில் அதே எண் உயிர்பெற்றது. இம்முறை வந்தது நம் நாட்டிலேயே வடிவமைத்த போர் விமானமான தேஜஸ்.

தேஜஸுக்கான நிறுவனம் தொடங்கியது 1984-இல். முதல் விமானம் பறந்தது 2001 ஜனவரி 4-இல். தாமதம் என்று குறை சொன்னார்கள். தாமதம் உண்மைதான். ஆனாலும் அந்த ஆண்டுகளில் நம்மவர்கள் கற்றது சாதாரணமல்ல. ஒன்று சொல்கிறேன்: என்ஜினின் சுழற்சியை வாங்கி ஹைட்ராலிக் பம்புக்கும் ஜெனரேட்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர்பாக்ஸ் ஒன்று தேஜஸுக்குள் இருக்கிறது. அது நின்றால் அந்தப் பம்பும் ஜெனரேட்டரும் நின்றுவிடும். அதை உருவாக்கியவர்கள் ஆவடியில், டாங்கி ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த பொறியாளர்கள்.

செல்வங்களே, இன்று உங்கள் கைக்கு வரும் பட்டம் கையெழுத்துப் போடும் தகுதியை உங்களுக்குத் தருகிறது. நாளை பாலத்தின் வரைபடத்திலும், மருந்துச் சோதனை அறிக்கையிலும், கணக்குப் புத்தகத்திலும் நீங்கள் கையெழுத்திடுவீர்கள். அதை நம்பி ஏறுகிறவரை நீங்கள் பார்க்கவே போவதில்லை. மேலதிகாரி அவசரப்படுத்தினாலும், பார்க்காததைப் பார்த்ததாக எழுதாதீர்கள். இதுதான் நான் உங்களிடம் முதலில் கேட்பது.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. விமானப்படைக்கு ஆள் எடுக்கும் மையம் இங்கிருந்து சில கிலோமீட்டரில், தாம்பரத்திலேயே இருக்கிறது. அதிகாரியாகச் சேர ஏ.எஃப்.கேட் தேர்வு இருக்கிறது. 2016 முதல் பெண்களும் போர் விமானிகளாகச் சேர்க்கப்படுகிறார்கள். நம் பகுதிப் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், விண்ணப்பம் போடுங்கள். பெற்றோர்களே, தடுக்காமல் அனுப்பி வையுங்கள்.