குருதி உறையாப் பிள்ளையும் கல்விக் கூடமும்



பட்டாசு, தீப்பெட்டி, அச்சு ஆகிய மூன்றும் நம் வட்டாரத்தின் பிழைப்பு. மூன்றிலும் நம் மக்கள் உடலுழைப்பைக் கொடுத்தே கூலி பெறுகின்றனர். அந்த உழைப்புக்கே உடல் இடந்தராத பிள்ளைகள் சிலர் உண்டு. தவழும் பருவத்திலேயே முழங்கால் வீங்கும். பல் விழுந்தால் குருதி எளிதில் நிற்காது. இந்நோயை ஹீமோபிலியா என்பர். குருதியை உறையச் செய்யும் காரணிகளுள் எட்டாவதோ ஒன்பதாவதோ குறைவதால் வருவது இது.

பெரும்பாலும் தாய்வழி வந்து ஆண்மக்களைத் தாக்கும். எனினும், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குக் குடும்பத்தில் முன்பு எவருக்கும் இல்லாமலே தோன்றுகிறது. ஆகவே தாயைப் பழிப்பதும், கண்ணேறு என்று மந்திரிப்பதும் அறியாமை. விக்டோரியா அரசியாரின் இளைய மகன் லியோபோல்டு 1884இல் இந்நோயாலேயே மாண்டார். அரண்மனையில் நோயாக இருந்தது குடிசைக்கு வந்தால் மட்டும் சாபமாகிவிடுமா?

மூட்டு வீங்கினால் எண்ணெய் தேய்த்து நீவக்கூடாது, தசையில் ஊசி போடலாகாது, ஆஸ்பிரின் ஆகாது. அசைக்காமல் உயர்த்தி வைத்து, பனிக்கட்டி ஒற்றடமிட்டு, உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும். 'ஃபேக்டர்' என்னும் மருந்தை இரத்தக்குழாய் வழியே செலுத்துவர். தமிழகத்து அரசு மருத்துவமனைகளில் அதற்குக் கட்டணமில்லை. விருதுநகரிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. காலந்தாழ்த்தினால் மூட்டு மடங்காமற் போகும். பள்ளிக்கு நடக்கும் கால் முடங்கும்.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் ஐவருக்கு மரபணு மருத்துவம் செய்து, அதன்பின் குருதிக் கசிவு நேரவில்லை என்று 2024இல் வெளியிட்டனர். அது எல்லார்க்கும் எட்ட நாளாகும். அதுவரை நம் பிள்ளை காத்திருக்க வேண்டிய இடம் வீட்டு மூலையன்று, வகுப்பறையே.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயையும் ஏற்றுள்ளது. 40 விழுக்காடு குறைபாடு உண்டெனச் சான்று பெற்றால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு. அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிலையங்களில் 5 விழுக்காட்டு இடங்களில் உரிமை உண்டு. ஆனால் அச்சட்டத்தின் அரசு வேலை ஒதுக்கீட்டில் குருதி நோயினர்க்கு இடமில்லை. அதனைக் கேட்டுப் பெறுவது நம் கடமை.

இளைஞர்களே! அம்மருந்தில் ஒரு வகை, ஆயிரக்கணக்கானோர் குருதிநீரை ஒன்றாகச் சேர்த்து எடுக்கப்படுவது. அக்குப்பியிலிருந்து எவன் குருதி எச்சாதியென்று எந்த மேதையாலும் பிரித்தெடுக்க இயலாது. சேரியென்று நம்மை ஒதுக்கிய நாட்டுக்கு அக்குப்பி ஒன்றே போதிய விடை. நாமும் குருதிக்கொடை அளிப்போம். தெருத்தெருவாகச் சென்று, மூட்டு வீங்கி முடங்கிய பிள்ளை எவனேனும் உண்டோ என்று கேட்போம். மருத்துவமனைக்கு ஒருமுறை அழைத்துச் செல்வதோடு நில்லாமல், பள்ளிக்கு நாள்தோறும் அழைத்துச் செல்வோம். உடலுழைப்பு மறுக்கப்பட்டவனுக்குக் கல்வியே கைமுதல்.