கொடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள்



கேரளத்து வாளையாரில் தமிழில் பேச யாரும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை வரை கடைத்தெருவில் காதில் விழுவது நம் பேச்சுதான். இன்று பட்டம் வாங்கும் உங்களில் பலர் சீக்கிரமே கஞ்சிக்கோட்டுக்கோ கோவைக்கோ வேலைக்குப் போவீர்கள். சம்பளம் வந்ததும் கோயிலுக்கு, அன்னதானத்துக்கு, தெரிந்த பிள்ளையின் ஃபீஸுக்கு என்று கொடுக்கவும் செய்வீர்கள். எப்படிக் கொடுப்பது என்பதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

புதுக் கம்பெனிகளில் பணம் போடும் வென்ச்சர் கேப்பிட்டல்காரர்கள் செக்கை நீட்டிவிட்டு நகர்வதில்லை. நிர்வாகக் குழுவில் உட்காருவார்கள், நல்ல ஆளைத் தேடித் தருவார்கள், கணக்குக் கேட்பார்கள், சில வருஷம் கூடவே இருப்பார்கள். இதே முறையைத் தர்ம காரியத்துக்குக் கொண்டுவந்த அமைப்புகளில் இரண்டு, அமெரிக்காவின் அக்யூமன், சென்னையின் வில்க்ரோ. இரண்டும் 2001-ல் தொடங்கியவை.

அதற்கு முன்பே மதுரை இதைச் செய்து பார்த்துவிட்டது. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்புரை அறுவையில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அப்போது வெளிநாட்டுச் சரக்கு. ஒன்று 100 டாலர் அளவுக்குப் போகும். அமெரிக்காவிலிருந்து இனாமாக வந்த லென்ஸ்கள் இலவச நோயாளிகள் எல்லோருக்கும் எட்டவில்லை. சேவா அறக்கட்டளை போன்ற நண்பர்கள் லென்ஸைத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருந்திருக்கலாம். வாங்குபவரும் கைநீட்டிக்கொண்டே இருந்திருப்பார். அதற்குப் பதில் அந்த நண்பர்கள் லென்ஸ் செய்யும் தொழில்நுட்பத்தை வாங்கிக் கொடுத்தார்கள். 1992-ல் லென்ஸ் செய்யும் ஆரோலேப் பிறந்தது. லென்ஸ் விலை 10 டாலர் அளவுக்கு இறங்கியது. இன்று அது நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. இந்த ஊர்ப் பெரியவர்கள் ரயிலேறிப் போய் வரும் கோவை அரவிந்திலும் பணம் கட்டுபவர், கட்டாதவர் இருவருக்கும் சிகிச்சை உண்டு.

ஆனால் முதலீட்டுக்காரரின் கணக்கு முழுவதும் நமக்கு ஒத்துவராது. பத்து கம்பெனியில் ஏழு மூழ்கினாலும் மிச்சத்தில் எடுத்துவிடலாம் என்பது அவர் கணக்கு. ஊரில் ஒரு தையல் யூனிட் மூழ்கினால், அதை நம்பிக் கூலி வேலையை விட்ட அக்காவின் பிழைப்பும் சேர்ந்து மூழ்கும். உங்கள் பணம் போனதைவிட அது பெரிய நஷ்டம்.

இன்னொன்று, யார் பேச்சு எடுபடுகிறது என்பது. இடுக்கியில் மூணாறைப் பாருங்கள். 2005-ல் டாடா டீ தோட்டங்களை விட்டு விலகியபோது கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் கம்பெனி உருவானது. பங்குகளில் பெரும்பகுதி ஊழியர்களுக்குப் போனது. கொழுந்து கிள்ளும் தமிழ்ப் பெண்களும் பங்குதாரர்கள். தர்மம் அல்ல அது, அதைவிடப் பெரிய காரியம். ஆனாலும் 2015 செப்டம்பரில் போனஸ் குறைந்தபோது அதே பெண்கள்தான் ‘பெம்பிளை ஒருமை’ என்று நடுரோட்டில் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைக்கூடக் கிட்டே சேர்க்கவில்லை. பங்குப் பத்திரம் கையில் இருந்தும், முடிவெடுக்கும் இடத்தில் தங்கள் குரல் இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உதவி செய்யப் போகிறவர்கள் வணிகப் பள்ளியில் படிப்பதற்கு முன் இதைப் படிக்க வேண்டும் என்பேன்.

பிள்ளைகளே, பெரிய நிதியமெல்லாம் வேண்டாம். உங்கள் வகுப்பில் பத்துப் பேர் சேருங்கள். ஆளுக்கு மாதம் 500 ரூபாய். உங்கள் வார்டு குடும்பஸ்ரீ பெண்களின் அயல்கூட்டத்தில் போய் உட்கார்ந்து, என்ன தொழில் வேண்டும், எங்கே விற்கும் என்று அவர்களையே சொல்லவிடுங்கள். பி.காம். படித்தவர் கணக்கெழுதக் கற்றுக்கொடுக்கட்டும். கம்ப்யூட்டர் படித்தவர் ஆர்டர் பிடித்துத் தரட்டும். கணக்கை மாதாமாதம் கேளுங்கள். உங்கள் கணக்கையும் அவர்களிடம் காட்டுங்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் விலகாதீர்கள். இன்று கூட்டம் கலைவதற்குள் அந்தப் பத்துப் பெயரை எழுதிவிடுங்கள்.